ஒரு பாடத்தில் தவறியதற்காக நர்சிங்கை விட்டுவிடலாமா?

ஆத்தங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது மாணவி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வெளி மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தவர், இப்போது இரண்டாம் பருவம். முதல் பருவத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த தாளில் 100க்கு 42 வாங்கித் தவறிவிட்டார். மற்ற தாள்களில் தேர்ச்சி. ஆங்கிலத்தில் விடை எழுதுவது கஷ்டமாக இருக்கிறதாம். உயிர்வேதியியல் உள்தேர்விலும் மார்க் குறைவு. வார்டில் 500 மில்லி டிரிப்ஸ் நான்கு மணி நேரத்தில் ஏற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டதற்கு 2500 என்று எழுதிக் கொடுக்க, வார்டு சிஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்துவிட்டார். அதே வாரத்தில், விரல் எடுக்கப்பட்ட ஒரு சர்க்கரை நோயாளியின் காலுக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்திருக்கிறார். காய்ச்சல் என்று சொல்லி ஊருக்கு வந்தவர் பத்து நாட்களாகத் திரும்பிப் போகவில்லை.

அப்பாவுக்குத் தரைக்கல் பட்டறையில் வேலை. அம்மா ஒரு ஆச்சி வீட்டில் சமையல் செய்கிறார். முதல் வருடக் கட்டணத்தைக் கட்டியவர் அந்த ஆச்சிதான். மீதிக்கு வங்கிக் கடன். "படிப்பை விட்டால் ஆச்சி முகத்தில் எப்படி விழிப்பேன், அம்மாவின் வேலை என்னாகும்? தொடர்ந்தால் அரியர் வைத்துக்கொண்டு எப்படி நர்ஸ் ஆவேன்? நின்றுவிட்டால் நான்கு வருடப் பணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவார்களாம். கடன் வட்டியை எப்படியும் அரசு கட்டிவிடும் என்கிறார் அம்மா. இதற்கிடையே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகம் வந்திருக்கிறது. நான் என்ன செய்ய?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மார்க் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, கட்டணம், ஆச்சி, ஜாதகம் எல்லாம் இருக்கிறது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் எங்கும் இல்லை. பிடித்திருக்கிறது என்றும் இல்லை. நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். படிக்க முடியவில்லை என்பது வேறு, படிக்க விருப்பமில்லை என்பது வேறு. முதலாவதற்குப் பெரும்பாலும் வழி இருக்கிறது. இரண்டாவதுதான் என்றால் நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவது உங்களுக்கும் நல்லதல்ல, உங்கள் கையில் வந்து சேரும் நோயாளிகளுக்கும் நல்லதல்ல.

ஒன்று செய்து பாருங்கள். அந்த 42, ஐம்பதாகிவிட்டது என்று இன்று மாலை கல்லூரியிலிருந்து செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு வார்டுக்குக் கிளம்புவீர்களா? "அப்பாடா" என்று கிளம்புவீர்கள் என்றால், உங்களுக்குச் சிக்கல் ஒரு தாளோடுதானே தவிர நர்சிங்கோடு அல்ல. தேர்ச்சி பெற்ற பிறகும் அந்த வாசலை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றால், அதையும் மதித்துத்தான் பேச வேண்டும். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் உதவும்.

என் கருத்தைக் கேட்கிறீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: இப்போது விடாதீர்கள். இரண்டாம் பருவத் தேர்வுவரை போங்கள், தவறிய தாளை மறுபடி எழுதுங்கள், அதன் பிறகு முடிவெடுங்கள். அந்த முடிவு விடுவதாகவும் இருக்கலாம்; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவமானப்பட்ட வாரத்தில், பத்து நாள் சரியாகத் தூங்காத தலையோடு எடுப்பதுதான் வேண்டாம் என்கிறேன்.

அரியர் பற்றிய பயம்

அரியர் வைத்தவர் நர்ஸாக முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஹாஸ்டல் அறைகளில் இப்படிப்பட்ட சட்டங்கள் தினம் ஒன்று இயற்றப்படுகின்றன. உண்மையான விதியைப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் பி.எஸ்சி. நர்சிங்கைப் பருவ முறைக்கு மாற்றியது. மொத்தம் எட்டுப் பருவங்கள். ஆங்கிலம் போன்ற ஓரிரண்டைத் தவிர மற்ற பாடங்களில் தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். தவறிய பாடம் இருந்தாலும் அடுத்த பருவ வகுப்புகளுக்குப் போகலாம். ஆனால் ஐந்தாம் பருவத் தேர்வு எழுதுவதற்கு முன், அதுவரையுள்ள எல்லாப் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். படிப்பு முழுவதையும் முடிக்க உச்ச வரம்பு எட்டு ஆண்டுகள்.

அதாவது உங்களுக்கு எட்டு மார்க் குறைகிறது. அதை ஈடுகட்ட இரண்டாம் ஆண்டு முடியும்வரை நேரம் இருக்கிறது. இந்தத் தாள் முதலாண்டு மாணவிகள் பலரையும் தடுக்கிவிடுகிற தாள். எலும்பு, தசை, நரம்பு, இதயம், சிறுநீரகம் என்று முழு உடம்பையும் ஒரே பருவத்துக்குள் அடைத்து, 75 மார்க் எழுத்துத் தேர்வில் கேட்கிறார்கள். "நர்சிங்தானே, என்ன கஷ்டம்" என்று உங்கள் உறவினர்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் பாடநூலை விரித்துக் காட்டுங்கள்.

அரசு வேலைக்கும் அரியர் தடையில்லை. பட்டம் பெற்று, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் முறையிலேயே எல்லாத் தாளிலும் தேறினாயா என்று நோயாளியும் கேட்கமாட்டார்.

இந்தப் பத்து நாட்கள்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது 42 அல்ல, இந்தப் பத்து நாட்கள்தான். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். எந்தக் காரணத்துக்காக வராமல் இருந்தாலும் இதே கணக்குதான். வார்டுப் பயிற்சியில் விட்ட நாட்களைப் பட்டம் வாங்குவதற்குள் முழுவதுமாக ஈடு செய்தாக வேண்டும். அதில் 100 சதவீதம் கேட்கிறார்கள். யோசிப்பதற்காக நீங்கள் வீட்டில் இருப்பதாக நினைக்கிறீர்கள். ஆனால் இன்னும் சில வாரங்கள் இப்படியே போனால், இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாமல் போய், யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

எனவே முதல் வேலை, வகுப்பு ஆசிரியைக்கு ஒரு போன். "எனக்குக் காய்ச்சல் இல்லை, பயமாக இருந்தது, அதனால் வந்துவிட்டேன், என் வருகை எவ்வளவு இருக்கிறது" என்று நேராகக் கேளுங்கள். வார்டில் மயங்கிய மாணவி பயந்து ஊருக்குப் போவதை அவர் முன்பே பார்த்திருப்பார்.

2500 சொட்டு

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் "எனக்குக் கணக்கே வராது" என்று இதை வைத்துத்தான் முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஏற வேண்டிய மில்லியை, ஒரு மில்லிக்கு அந்த டிரிப்ஸ் குழாயில் விழும் சொட்டுகளால் (இங்கே 20) பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. நீங்கள் 10,000ஐ 4ஆல் வகுத்திருக்கிறீர்கள். பெருக்கல் சரி, வகுத்தல் சரி, சூத்திரமும் சரி. மணியை நிமிடமாக்க மறந்தீர்கள். கணக்கு வராதவர் செய்யும் பிழை அல்ல இது. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது பதறுகிறவர் செய்யும் பிழை.

ஆனால் இதில் ஒரு பாடமும் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். விடை வந்ததும் டிரிப்ஸ் சேம்பரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால், ஒரு நிமிடத்தில் 2500 சொட்டு விழ முடியாது என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். மருந்துக் கணக்கு எதுவானாலும், விடை நடக்கக் கூடியதா என்று கேட்காமல் தாளைக் கொடுக்கக் கூடாது. தெரியாவிட்டால் கேட்க வேண்டும். மாணவி போடும் கணக்கை மூத்தவர் சரிபார்த்த பிறகே நோயாளியிடம் போவது இதற்காகத்தான். அந்த சிஸ்டர் சரிபார்த்தது அவருடைய கடமை. சிரித்தது தேவையில்லாதது, அது அவருடைய குறை, உங்களுடையது அல்ல.

மயக்கம்

ரத்தத்தையோ புண்ணையோ முதன்முறை அருகில் பார்க்கும்போது சிலருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி மயக்கம் வருகிறது. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பின்னாளில் அறுவை அரங்கில் நின்று பெயரெடுத்தவர்களுக்கும் மாணவப் பருவத்தில் இது நடந்திருக்கிறது. பழகப் பழக பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். காலை உணவைத் தவிர்க்காதீர்கள் (அன்று ஒரு டீயோடு போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்). தண்ணீர் குடியுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காமல், தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி இறுக்கி விடுங்கள். கண் இருட்டத் தொடங்கினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்து தலையைத் தாழ்த்துங்கள். கட்டு மாற்றும் தட்டின் மேல் விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கூடவே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சோர்வும் கவனம் சிதறுவதும் பாடத்தால்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, காரணம் ரத்தத்தில் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். நின்றிருக்கையில் அல்லாமல் வேறு நேரங்களிலும் மயக்கம் வந்தாலோ, படபடப்பு இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆங்கிலம்

பன்னிரண்டாம் வகுப்பில் சிறுநீரகத்தையும் நெஃப்ரானையும் தமிழில் படித்துத் தேறியவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது சிறுநீரகம் அல்ல, அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவது. இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிடிபட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். பழைய தமிழ்ப் பாடநூலைத் தூக்கிப் போடாமல் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போங்கள். முதலில் அதில் படியுங்கள், பிறகு ஆங்கில நூலில் அதே பகுதியைப் படியுங்கள். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் கேள்விகளைத் தினம் ஒன்று போட்டுப் பழகுங்கள். அதற்கு இலக்கணம் தேவையில்லை. விடையைச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். பழைய வினாத்தாள்களை வாங்கிப் பார்த்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். தமிழ்வழியில் வந்த இன்னொரு மாணவி உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

விடுவதுதான் என்றால்

இதையெல்லாம் செய்தும், தேர்வு முடிந்தும், வேண்டாம் என்றே தோன்றினால் விடுங்கள். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் கேட்டது பாதி சரி, பாதி தவறு. மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழை அடகுப் பொருள்போல வைத்திருக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆக, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. மீதிக் கட்டணம் என்பது தனி வழக்கு. 2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு நேரத்தில் ஒரு வருடம் அல்லது ஒரு பருவத்துக்கான கட்டணத்தைத்தான் வாங்கலாம் என்றது. ஆனால் மாணவர் இடையில் போய்விடுவார் என்று கல்லூரி கருதினால், மீதிக் கட்டணத்துக்கு உறுதிப் பத்திரம் கேட்கலாம் என்றும் சொன்னது. எனவே சேரும்போது அப்பா எதில் எல்லாம் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் கேள்வி. அந்தத் தாள்களின் நகலை வாங்கிப் படியுங்கள், புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வட்டி விஷயத்தில் அம்மா நினைப்பது தவறு. மத்திய அரசின் வட்டி மானியம், பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் சேர்ந்த காலத்து வட்டிக்குத்தான். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அது கிடையாது. மருத்துவக் காரணத்தால் நிற்க நேர்ந்து, அதற்கான ஆவணங்களைக் கல்லூரித் தலைவர் ஏற்றுக்கொண்டால் மட்டும் விலக்கு. நிற்பதென்றால் வங்கிக்கு முதலில் போய், இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறோம், எப்போதிலிருந்து கட்ட வேண்டும் என்று கேளுங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது என்றால், படிப்பு நின்றதும் அதுவும் நின்றுவிடும்.

அடுத்து என்ன படிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நர்சிங் பிடித்து இந்த வேகம்தான் தாங்கவில்லை என்றால், மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் பெறலாம். ஆனால் இப்போது படித்த ஓராண்டு அங்கே கழியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். உடற்கூறியல் அங்கேயும் காத்திருக்கும். மருத்துவத் துறையே வேண்டாம் என்றால் காரைக்குடியிலேயே கல்லூரிகளுக்குக் குறைவில்லை, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். எதுவானாலும் அடுத்த இடம் உறுதியான பிறகு இந்த இடத்தை விடுங்கள். கையில் எதுவும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால், அந்த ஜாதகம்தான் உங்கள் அடுத்த படிப்பாகிவிடும். கல்யாணம் செய்துகொள்வது தவறில்லை. ஒரு தாளில் தவறியதற்கு மாற்றாக அதைச் செய்துகொள்ளாதீர்கள் என்கிறேன்.

ஆச்சி

இதை யோசித்துத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவர் படிக்கப் பணம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் எல்லோரும் முதல் முறையிலேயே தேறியிருப்பார்கள் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆச்சி கொடுத்தது நீங்கள் படிக்க. நீங்கள் தவறாமல் இருப்பதற்கு அல்ல. ஆனால் அவர் இதை வேறு யார் வாயிலாகவாவது கேள்விப்பட்டால் மனம் வருந்துவார். அது நியாயமான வருத்தமாகவும் இருக்கும். அம்மாவை முன்னே அனுப்பாதீர்கள். அம்மா அங்கே வேலை செய்கிறவர். அவர் வாயிலிருந்து இது மன்னிப்புக் கேட்பதுபோல வரும். நீங்களே போய், "ஆச்சி, ஒரு பாடத்தில் எட்டு மார்க்கில் தவறிவிட்டேன். திரும்ப எழுதப் போகிறேன். நீங்கள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்ல வந்தேன்" என்று சொல்லுங்கள். பணத்தைப் பற்றி அன்று பேச வேண்டாம். அவர் கோபித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்துக்காகப் படிப்பைத் தொடரவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

கடைசியில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள்: "எல்லோருக்கும் பாரமாக". அடித்ததற்கு அடியிலும் படிக்க முடிகிறது. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், அதைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். இன்று இரவு அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, காய்ச்சல் இல்லை என்பதையாவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுதேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கக் கூடும். நீங்கள் ஊரில் இருப்பதால் பார்த்திருக்க மாட்டீர்கள். அறைத் தோழியிடம் இன்றே கேளுங்கள். தேதி நெருங்கியிருந்தால் உங்களுக்காக அவரையே கட்டச் சொல்லுங்கள்.